ஊருக்குப் பாடியதும் அம்மனுக்குப் பாடியதும்

மகனுக்கு,

போன வெள்ளிக்கிழமை நீ கட்டாரிலிருந்து போன் எடுத்தபோது லைன் தானாக வெட்டுப்படவில்லை. நான்தான் வெட்டினேன். "அப்பா, கலியாணக் காட்டில அம்மாட பேர எப்படிப் போடச் சொல்லுற? பிரஸ்காரர் கேக்கிறார்" என்று நீ கேட்டாய். "விளங்கல்ல மனே, லைன் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பெரியகல்லாற்றில் பெண் வீட்டார் தங்கள் பக்கத்துப் பெயர்களையெல்லாம் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். நம்முடைய பக்கத்தில் ஒரு பெயர்தான் இழுபடுகிறது. உயிரோடு இருப்பவளின் பெயரைப் போடுவது போல வெறுமனே போடுவதா, முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்ப்பதா என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கடல் வந்த மூன்றாம் நாளிலிருந்தே தெரியும். ஐந்து வருடத்துக்கு மேலாக உன்னிடம் மறைத்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சாந்துக் கரண்டி பிடித்த கைக்குப் பேனை நிற்கமாட்டேன் என்கிறது. மூன்று நாளாக மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உட்காருகிறேன், நாலு வரி எழுதுகிறேன், கிழிக்கிறேன். களைப்பாக இருக்கிறது. மேசன் வேலைக் களைப்பு என்றால் ஒரு குளிப்புக் குளித்துப் படுத்து எழும்பினால் போய்விடும். இது அந்த வகைக் களைப்பு இல்லை. கலியாணத்துக்குப் பிறகு நம் ஊர் வழக்கப்படி நீ பெண் வீட்டோடு போய்விடுவாய். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அங்கே வந்து இதைச் சொல்வது? உன் மாமியார் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு சொல்கிற கதையா இது?

அம்மாவிலிருந்தே தொடங்குகிறேன். வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து, சடங்கெல்லாம் முடிந்து, கடைசியில் குளிர்த்தி பாடுவோம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். கணவனை அநியாயமாகப் பறிகொடுத்துக் கொதித்து வந்தவளைப் பாட்டாலும் வேப்பிலைத் தண்ணீராலும் ஆற்றுகிற சடங்கு. உடுக்கை அடித்து முன்பாட்டுப் பாடியவர் கந்தையா மாமா. பத்தொன்பது வருடம் நான் அவருக்குப் பின்பாட்டு. அவர் விட்ட இடத்தில் பிடித்து, அவர் தூக்கிய இடத்தில் தூக்கி, அவருக்கு இருமல் வந்தால் சமாளித்து, கடைசியில் எல்லோரும் அவர் காலில் விழும்போது உடுக்கைத் துணியில் சுற்றி வைப்பவன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் அம்மா மட்டும் நம்பவில்லை.

அவள் பெண்கள் பக்கத்தில், ஸ்பீக்கர் இரைச்சல் அதிகம் எட்டாத மூலையாகப் பார்த்து உட்காருவாள். வீட்டுக்கு வந்து அப்பச் சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வாள். "இஞ்ச பாருங்க, மூண்டாம் பாட்டு ஒண்டுதான் அம்மனுக்குப் பாடின நீங்க. மத்ததெல்லாம் ஊருக்கு" என்பாள். "நீ என்னத்தக் கண்டாய்?" என்று எனக்குக் கோபம் வரும். "ஊருக்குப் பாடக்குள்ள கடைசி எழுத்தப் போட்டு இழுக்கிற நீங்க. கை தட்டுவாங்க எண்டாக்கும்." "கோயிலுக்குள்ள ஆருடி கை தட்டுற?" "அதானே. அது தெரிஞ்சும் இழுக்கிறீங்களே." இப்படித்தான். அவளுடைய கணக்கில் நான் நன்றாகப் பாடுவது சீமெந்து குழைக்கும்போது மட்டும். வாய் தன் பாட்டில் முணுமுணுக்குமாம், எனக்கே தெரியாதாம். மைக்கைக் கண்டவுடன் எங்கிருந்தோ இன்னொரு தொண்டை வந்துவிடுமாம். உனக்கு வரப்போகிறவள் இப்படிப் பேசுகிறவளாக இருந்தால் கோபிக்காதே. வெளியில் எத்தனை பேர் புகழ்ந்தாலும், வீட்டில் ஒருத்தி உள்ளதைச் சொல்வது பெரிய பாக்கியம். அது இல்லாமல் போன பிறகு நான் போன போக்கை இனிச் சொல்லப்போகிறேன்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. நீ ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். வாவிப் பக்கம் கிரிக்கட் விளையாடப் போயிருந்தாய். நான் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலைக்குப் போயிருந்தேன். அம்மா அப்பம் சுட்டு, சுடச்சுடக் கொடுக்கவேண்டும் என்று கடற்கரையில் இருந்த உன் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டு போனாள். மிச்சத்தை நீயும் அறிவாய். பெரியம்மாவின் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. நீ அறியாதது மூன்றாம் நாள் நடந்தது. சவுக்குத் தோப்புக்குப் பின்னால், செத்தவர்களைப் புதைக்கப் பெரிய கிடங்கு வெட்டினார்கள். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டபோது நானும் போனேன். உழவு மெசின் இழுத்த பெட்டியில் பிரேதங்கள் வந்துகொண்டிருந்தன. முகங்களைப் பார்த்து இன்னார் என்று சொல்ல முடியாது. பாயில் சுற்றிச் சுற்றி இறக்கினோம்.

ஒரு பாயிலிருந்து ஒரு கை வெளியே விழுந்தது. வலது கை. மணிக்கட்டுக்கு மேலே பிறை மாதிரி ஒரு தழும்பு. அப்பச் சட்டி சுட்ட தழும்பு. நீ நாலாம் வகுப்புப் படிக்கிற காலத்தில் பட்டது, நான்தான் கற்றாழை வெட்டித் தடவிவிட்டேன். அந்தக் கையைப் பிடித்துப் பாய்க்குள் வைத்தேன். தோளில் கிடந்த துவாயை எடுத்து மேலே போர்த்தினேன். பக்கத்தில் நின்ற பெடியன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ண, தெரிஞ்ச ஆக்களா?" என்று கேட்டான். "தெரியா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஓம் என்று சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று பயந்தேனோ என்னவோ. பாட வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால் அதுதான். ஊர் கூடி நிற்கப் பாடிய வாயில் ஒரு தேவார வரிகூட வரவில்லை. அடுத்த பாயைத் தூக்கினேன்.

அதுவரைக்கும் நடந்ததை அந்த அம்மன் மன்னிப்பாள், நீயும் மன்னிப்பாய் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய பிழை. அன்று பின்னேரம் அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். நீ வாசலில் நின்றாய். "அம்மாவக் கண்டீங்களாப்பா?" என்றாய். "தேடுறன் மனே" என்றேன். நாளைக்குச் சொல்வோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் நீ அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்து நின்றாய். எப்படிச் சொல்வது? ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகப் போனாய். மாங்கேணிப் பக்கம் பேர் சொல்லத் தெரியாத பொம்பிளை ஒராள் இருக்கிறாவாம் என்று யாரோ சொல்ல, இரண்டு பஸ் மாறி அங்கேயும் போனாய். போகிற வழிக்கு என்று பாணும் சம்பலும் கட்டிக் கொடுத்து அனுப்பியவன் நான். எல்லாம் தெரிந்துகொண்டு கட்டிக் கொடுத்தேன். கிராம சேவகர் செத்தவர்களின் பேர்ப் பதிவுக்கு வந்தபோது, "எங்கட வீட்டில ஆரும் மோசம் போகல்ல, ஒராளக் காணல்ல" என்றேன். முப்பத்தோராம் நாள் வந்தது. ஊரெல்லாம் செத்தவர்களுக்கு அமுது படைத்துக் கடமை முடித்தார்கள். நாம் படைக்கவில்லை.

பங்குனி மாதம் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் என்னைத் தேடி முகாமுக்கு வந்தார். கந்தையா மாமாவையும் கடல் கொண்டு போயிருந்தது. வைகாசிச் சடங்கை விடக்கூடாது, இந்த வருடம் கட்டாயம் செய்யவேண்டும் என்று ஊர் சொல்கிறது, ஆனால் பாடுகிற வீடுகளிலெல்லாம் மரணத் துடக்கு, ஒரு வருடத்துக்கு அவர்கள் சடங்கில் நிற்க முடியாது. "உங்களுக்குத் துடக்கு இரிக்கா?" என்று கேட்டார். மனிதர் உண்மையில் பதிலுக்காகக் கேட்டார். நான் ஓம் என்று சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பார். "பொஞ்சாதி இன்னும் கிடைக்கல்ல, வண்ணக்கர்" என்றேன். "அப்ப அமுது குடுக்கல்லயே?" "இல்ல." "அப்ப நீங்கதான் முன்பாட்டு" என்றார். மகனே, அந்த நேரத்தில் என் நெஞ்சுக்குள் வந்தது என்ன என்று உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தோசம். பத்தொன்பது வருடம் பின்னால் நின்றவனுக்கு வருகிற சந்தோசம். வெட்கமும் வந்தது. ஆனால் சந்தோசம் முதலில் வந்தது.

அந்த வைகாசியில் நீ ஒரு நேர்த்தி வைத்தாய். அம்மா திரும்பி வரவேண்டும் என்று கோயிலைச் சுற்றி உருண்டு கும்பிடுகிறேன் என்று அம்மனுக்குச் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. குளிர்த்தி காலையில் முடிந்துகொண்டிருந்தது, வெயில் ஏறத் தொடங்கிய நேரம். மைக்குக்கு முன்னால் நின்று உடுக்கை அடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறேன், நீ ஈர வேட்டியோடு மணலில் உருண்டு வருகிறாய். முதுகெல்லாம் மண், முழங்கை இரண்டும் உரிந்து இரத்தம். நான் நிலத்துக்குள் வைத்த ஒருத்திக்காக நீ அந்த நிலத்தில் உருண்டுகொண்டிருந்தாய். உடுக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து உன்னைத் தூக்கியிருக்க வேண்டும். நான் பாடினேன். நின்றவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், அந்த வருடம் மாதிரி ஒரு குளிர்த்தி அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லையாம். ஏழெட்டுப் பெண்களுக்குத் தெய்வம் வந்தது. கடலுக்குப் பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மரமாக இருந்தவர்களெல்லாம் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தி, கலையும் பக்தியும் வேறு வேறல்ல என்பதற்கு இவர்தான் சாட்சி என்று ஒருவர் மைக்கில் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதைப் பணிவு என்று பேப்பரில் எழுதினார்கள்.

அன்றிலிருந்து என்னைத் தின்கிறது இந்தக் கேள்வி. பாட்டுப் பொய்யனிடம் வராது, சுத்தமான மனதில்தான் வரும் என்று சின்ன வயதில் நம்பினேன். அது சும்மா கதை. பொய்யை வாய்க்குள் வைத்துக்கொண்டு நான் பாடிய பாட்டு நன்றாகவே வந்தது. கேட்டவர்களின் மனம் குளிர்ந்ததும் பொய்யில்லை. அப்படியென்றால் அங்கே பாடியது யார்? பாட்டு அம்மனுடையது, நான் வெறும் குழாய் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். ஒரு வருடம் அது ஓடியது. பிறகு பொன்னாடையை ஏன் குழாய்க்குப் போர்த்தினார்கள், குழாயும் அதை ஏன் மடித்துப் பெட்டியில் வைத்தது என்று கேட்க மனதுக்குள் உன் அம்மா வந்துவிட்டாள். பாடுவதும் கும்பிடுவதும் ஒன்றா இரண்டா என்று படித்தவர்கள் பேசட்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பாட்டு நன்றாக வருகிறது என்பதற்காக நம் மனம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நான் நினைத்தேன். இவ்வளவு நன்றாகப் பாட வைக்கிறாளே, அப்படியென்றால் அம்மன் என்னை மன்னித்துவிட்டாள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

நீயோ மற்றப் பக்கம் போனாய். இரண்டாம் வருடம் நேர்த்தி வைக்கவில்லை. மூன்றாம் வருடம் கோயில் வாசலுக்கே வரவில்லை. "அம்மனுக்குக் காது கேக்காதுப்பா, நீங்க சும்மா தொண்ட கிழியக் கத்துறீங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டாருக்குப் போனாய். அந்தச் சொல்லைக் கேட்டு உன்னை ஏசினேன். கடவுளை நிந்திக்கிறாய் என்று பெரிய மனிதன் போலப் பேசினேன். மகனே, அவளுக்குக் காது கேட்டது. நீ கேட்டதைக் கொடுக்க அவளிடம் வழியில்லை. வழியில்லை என்பதை உனக்குச் சொல்லவேண்டியவன் நான். உன் நம்பிக்கையை உடைத்தது கடலும் இல்லை, அம்மனும் இல்லை. பிழை என்னில்.

இதற்குப் பிறகும் சொல்லாமல் இருந்திருப்பேன். தங்கம் அக்கா வந்திராவிட்டால் இந்தக் கடிதமே இல்லை. நம் தெருக் கடைசியில், வாவிக் கரையில் இறால் உரித்து விற்கிற தங்கம் அக்காதான். அவளுடைய மகன் வன்னியில், சண்டை நடந்த பக்கம் நின்றது உனக்குத் தெரியும். போன வருடம் வைகாசி பிறந்த கையோடு சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். டவுனில் வெடி கொளுத்தினார்கள். நம் தெருவில் ரேடியோவை நிற்பாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாமில் இருக்கிறான் என்றார்கள், இல்லை என்றார்கள். அந்த முறை குளிர்த்தி முடிந்து தண்ணீர் தெளிக்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள். "தம்பி, எல்லாரும் மகனுக்கு அமுதக் குடு, அவன்ட ஆத்மா அலையப்போகுது எண்டுறாங்க. நான் குடுக்கமாட்டன். நீ பொஞ்சாதிக்குக் குடுக்காம இத்தின வருசம் நம்பிக்கையோட பாடிற்று நிக்கிறாய்தானே. உன்னப் பாத்துத்தான் நானும் இரிக்கன்" என்றாள். அவள் தலையில் வேப்பிலைத் தண்ணீரைத் தெளித்தேன். என் பொய்யைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் நிற்கிறாள் என்றால் நான் இனி என்ன பாட்டுப் பாட?

அப்படியும் ஒரு வருடத்தைக் கடத்திவிட்டேன், பார். கோழை என்று சொல்லிக்கொள். நீ கலியாணக் காட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் இனி ஓட இடமில்லை என்று விளங்கியது. முந்தநாள் அவளிடம் போனேன். இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கிடங்கு, தழும்பு, வண்ணக்கர், எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள், மண்ணள்ளிப் போடுவாள் என்று நினைத்தேன். கை நிற்கவில்லை, உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "உன்ட பொஞ்சாதிய நீ கண்டாய். என்ட மகன ஒருத்தரும் காணல்லயே. காட்டட்டும், அண்டைக்கு நான் அமுது குடுக்கிறன்" என்றாள். அடுத்த இறாலை எடுத்துக்கொண்டு, "இஞ்ச வந்து என்னத்துக்கு அழுறாய்? முதல்ல உன்ட பொடியனுக்குச் சொல்லு போ" என்றாள். என் பொய் இல்லாமலே அவளுக்கு நிற்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

வண்ணக்கரிடமும் போய்ச் சொன்னேன். "இன்னும் ஒரு மாசம்தான் கிடக்கு. இத இப்பயா சொல்லுற? ஆர் பாடுற?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயரைக் கேட்டார்கள். இத்தனை வருடம் போனபடியால் மூன்று நாள் துடக்குத்தான், உன் கலியாணத்துக்கும் தடையில்லை, நான் வைகாசிக்குப் பாடவும் தடையில்லை என்றார். என்னை நிறுத்த ஒரு விதியும் இல்லை. அதனால் நானே நிற்கிறேன். எனக்குப் பின்பாட்டுப் பாடுகிற ரவியின் கையில் உடுக்கைக் கொடுத்துவிட்டேன். "ஐயோ அண்ண, எனக்கு வேணாம்" என்றான். அவன் கண்ணைப் பார்த்தேன், வேண்டும் என்றுதான் இருந்தது. அது குற்றமில்லை. இந்த வைகாசிக்கு உன் அம்மா வழக்கமாக உட்கார்ந்த மூலையில் போய் உட்கார்ந்து கேட்கப்போகிறேன். அவன் எதை ஊருக்குப் பாடுகிறான், எதை அம்மனுக்குப் பாடுகிறான் என்று எனக்குப் பிடிபடுகிறதா பார்ப்போம். இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை வண்ணக்கரிடமும் கொடுக்கப்போகிறேன். ஊர் படிக்கட்டும். ஒளித்தது போதும்.

உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கில்லை. ஆனாலும் தகப்பன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. போகிற வீட்டில் உனக்குத் தெரிந்த ஒன்றை அவர்களுக்கு நல்லது என்று நினைத்து மறைக்காதே. முதல் நாள் அது இரக்கமாக இருக்கும். முப்பத்தோராம் நாள் அது வேறொன்றாகிவிடும். கோயிலுக்குப் போ என்று உன்னை நான் இனி வற்புறுத்தமாட்டேன். அம்மன்மேல் இருக்கிற கோபத்தை மட்டும் அவளிடமிருந்து எடுத்து என்மேல் போடு. அதை நான் தாங்குவேன். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. கலியாணத்தில் நான் நிற்கக்கூடாது என்றாலும் சொல்லு, தூர நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

பிரஸ்காரரிடம் 'காலஞ்சென்ற' என்று போடச் சொல். அதை நான் சொல்லமாட்டேன், நீதான் சொல்லவேண்டும், இனி உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றும் என்னிடம் இல்லை. கலியாணத்துக்குப் பத்து நாள் முந்தி வா. அமுதுக்கு அப்பம் படைக்கவேண்டும். சட்டி இருக்கிறது, சுடத்தான் ஆளில்லை, தங்கம் அக்கா வருகிறேன் என்றிருக்கிறாள். போன கிழமை நான் சவுக்குத் தோப்புக்குப் போனேன். உடுக்கும் இல்லை, மைக்கும் இல்லை. கந்தையா மாமாவுக்குப் பின்னால் நின்று ஆயிரம் தடவை பாடிய பாட்டு, இரண்டாம் அடியில் சொல் மறந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. மணலைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சுற்றியிருந்த சவுக்குகளில் ஐந்துதான் மிச்சம். கடலைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கத்து மரத்திலிருந்து பன்னிரண்டு எட்டுத் தூரம். மேசன்காரன், அளந்துதான் வைத்தேன். இத்தனை ஆஸ்பத்திரியில், இத்தனை முகாமில், மாங்கேணி வரைக்கும் நீ தேடிய இடம் அதுதான். வா மகனே, கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

உன் அப்பா